வலது பக்கத்துப் பட்டை

அன்று வேங்கிக்கால் ரோட்டுப் பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவியின் தம்பி, பட்டறைக்காரர் பாய், எங்கள் கம்ப்ரசரில் வேலை செய்த ஆட்கள் இரண்டு பேர். எழுபதுகளின் கடைசி அது.

பின்பக்கம் திறந்த ஜீப் ஒன்றும், அதன் வாலில் மாட்டி இழுக்கிற கம்ப்ரசரும் எனக்கும் மச்சானுக்கும் பொது. கிணற்றுப் பாறையில் துளை போடுகிற தொழில். அவன் வேலை பிடிப்பான், நான் ஓட்டுவேன். கம்ப்ரசரை மாட்டினால் ஜீப்பின் பின்பக்கம் குந்திக்கொள்ளும், மூக்கு மேலே தூக்கும். ஸ்டீரிங்கைத் திருப்பினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வண்டி திரும்பும். சமதரையிலேயே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். இப்போது மச்சான் ஜவ்வாது மலைமேல் ஒரு கிணற்றை ஒப்புக்கொண்டு வந்திருந்தான். ஆட்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்துதான் வருவார்கள். இருவருக்கும் சேர்த்து ஐந்து பிள்ளைகள். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

பின்பக்கம் குந்தாமல் இருக்க, அச்சுமேல் பாரம் தாங்குகிற வில்லுப் பட்டைகளைப் பலப்படுத்த வேண்டும், அதற்குப் பாய் மூன்று வழி சொன்னார். இருக்கிற பட்டைகளோடு பழைய லாரிப் பட்டையை அறுத்துப் பக்கத்துக்கு ஒன்று செருகலாம். இல்லையென்றால் மொத்தமும் புது செட். மூன்றாவது, புது செட்டுக்கு மேல் ஓர் உதவிப் பட்டை. வெறும் வண்டியில் அது சும்மா கிடக்கும், பாரம் ஏறினால் தாங்கும்.

"மூணாவதுதான் நல்லது. காசும் அதான் ஜாஸ்தி" என்றார்.

"மொதல்ல சொன்னதப் போடுங்க பாய்" என்றான் மச்சான். "மாமாவுக்கு எதப் போட்டாலும் பயம்தான். கம்மி வெலைக்கே பயப்படட்டும்."

ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அங்கே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், கணக்குப் பேசுகிறவன் முன்னால் எனக்கு வார்த்தை வராது. என்னிடம் காரணம் ஒன்றும் இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்னவென்று வாதாடுவது?

பட்டை ஏறியதும் பின்பக்கம் நிமிர்ந்தது. எங்கள் ஊரில் வண்டிக்கு என்ன வேலை செய்தாலும் ஓட்டிப் பார்ப்பது கோயில் மலையை வலம் வந்துதான். கற்பூரம் ஏற்றின மாதிரியும் ஆச்சு, எட்டு மைல் ஓட்டிப் பார்த்த மாதிரியும் ஆச்சு. கம்ப்ரசரோடு கிளம்பி, செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி, மலையை வலது கைப்பக்கம் வைத்து ஒரு சுற்று வந்தோம். ஒரு முனகல் இல்லை.

"இப்ப என்ன சொல்றீங்க மாமா?"

"பரவால்ல" என்றேன்.

மறுநாள் போளூர் தாண்டி மலை ஏறினோம். நாலாவது வளைவோ ஐந்தாவதோ, இடது பக்கம் ஒடித்துத் திரும்ப வேண்டியது. வண்டி வலது பக்கம் சாய்ந்தது. அடியில் வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். எனக்குப் பின்னால் அந்த மூலை அப்படியே இறங்கிவிட்டது. டயர் மட்கார்டில் உரசி ரப்பர் நாற்றம் வந்தது. பிரேக்கை மிதித்தும் நிற்கவில்லை, கம்ப்ரசர் வண்டியைப் பின்னால் ஒரு முழம் இழுத்தது, இன்னொரு முழம் இழுத்தது. வலப்பக்கம் பார்த்தேன். மரங்களின் உச்சி தெரிந்தது, அடி தெரியவில்லை.

ஆட்கள் குதித்துச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தார்கள். வண்டி நின்ற பிறகும் என் கால் பிரேக்கை விடவில்லை. மச்சான் வந்து முழங்காலைப் பிடித்துத் தூக்கி எடுத்தான்.

கம்ப்ரசரை ஓரங்கட்டி, ஆட்களை அங்கே காவல் வைத்தோம். உடைந்த இடத்தில் கட்டை கொடுத்துக் கயிறு சுற்றி, வெறும் ஜீப்பை நடைவேகத்தில் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். பாய் பிரித்தார். உடைந்தது அந்த லாரிப் பட்டைதான். முறிந்த முகத்தில் பாதி துரு, பாதி பளபளப்பு.

"பாதி வரைக்கும் முன்னாடியே விரிசல் விட்டிருக்குது. நான் பாக்காம போட்டுட்டேன்" என்றார். "எந்தப் பக்கம் திரும்புறப்ப உடைஞ்சுது?"

"இடது."

"மலையச் சுத்துனப்ப?"

அப்போதுதான் உறைத்தது. வலம் வந்தால் திரும்புவதெல்லாம் வலது பக்கமாகவே இருக்கும், சாய்கிற பாரமெல்லாம் இடது பட்டைமேல் விழும். வலது பட்டை எட்டு மைலும் சும்மா வந்திருக்கிறது.

"எதிர்ப்பக்கமா ஒரு சுத்து போயிருக்கணும்" என்றார் பாய்.

"அப்பிடி எவன் பாய் சுத்துவான்?" என்றான் மச்சான். அவன் குரலில் கேலி இல்லை.

"அந்த மூணாவதைப் போடுங்க" என்றேன். மச்சான் ஏதோ சொல்ல வந்தான். "இல்லன்னா நீயே ஓட்டிக்க" என்றேன். அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

பாய் கூலி வேண்டாம் என்றார், இரும்புக்கு மட்டும்தான் விலை. கையிலிருந்ததைக் கொடுத்தேன், மீதி கடன். புதுப் பட்டைகளோடு போய்க் கம்ப்ரசரைக் கீழே இறக்கினேன், மேலே கிணற்றுக்குப் போகவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் அந்தச் சத்தம் வருகிறதா என்றே காது கிடந்தது. அதற்கப்புறம் மலைமேல் வேலை எதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை, வருகிற காசும் குறைந்துபோனது. பாய்க்குச் சிறுகச் சிறுகக் கொடுத்து வந்தேன். அடுத்த வருஷம் அவர் பட்டறையை எடுத்துக்கொண்டு வேலூர் பக்கம் போய்விட்டார், இடம் தெரியவில்லை. முந்நூற்று நாற்பது ரூபாய் இன்னும் பாக்கி.