கெல்வின் டிரெம்பாத்தின் சிக்கனத் தோட்டம்

தெற்கு ஆஸ்திரேலியாவின் வயல்லா ஊரில், இரும்பாலையில் முப்பத்தோரு வருஷம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர் கெல்வின் டிரெம்பாத். தலைக்கவசம் போடாதவனை நூறு அடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு குற்றம் கண்டுபிடிக்க ஆளில்லாமல் ஆறு மாதம் தவித்தார். அப்புறம் தெருவில் யார் எந்த நேரத்தில் செடிக்குத் தண்ணீர் விடுகிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தார். தண்ணீர்ச் சிக்கனத்துக்கு அவர் வந்து சேர்ந்த வழி இதுதான்.

முதல் வேலையாக வீட்டு முன்னாலிருந்த புல்தரையைச் சுரண்டி எறிந்தார். அவர் மனைவி நோரீன் சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காரும் இடம் அது. அவளிடம் கேட்கவில்லை, வரைபடத்தைக் காட்டினார். செடிகளின் தாகத்தைப் பொறுத்து முற்றத்தை நாலு மண்டலமாகப் பிரித்து, நாலு வண்ணம் தீட்டியிருந்தார்.

"நான் எந்த மண்டலத்துல உக்காரணும்?" என்றாள் நோரீன்.

"உக்கார்றதுக்கு இல்ல நோரீன். இது ஒரு அமைப்பு."

அமைப்பு எழுந்தது. செம்மண்ணுக்குள் குழாய், செடிக்குச் செடி சொட்டுநீர், மேலே ஒரு சாண் கனத்துக்கு மரச்சில்லு மூடாக்கு, ஒவ்வொரு செடிக்கும் லத்தீன் பெயர்ப் பலகை. வாசலோரம் இரும்புக் கம்பியில் பெரிய பலகை ஒன்று: 'இங்கே ஒரு சொட்டும் வீணாவதில்லை.' அதைச் சம்மட்டியால் தானே அடித்து இறக்கினார்.

பக்கத்து வீட்டில் வாண்டா ஜெலின்ஸ்கா இருந்தாள். மீன் தூண்டிலுக்கு இரை விற்கிற கடைக்காரி. கேரவன் நிறுத்துவதற்காக அவள் கணவன் முன்பக்கம் முழுக்கச் சரளைக்கல் கொட்டியிருந்தான். கணவன் செத்து, கேரவனையும் விற்றுவிட்ட பிறகு சரளை மட்டும் மிஞ்சியது. அதில் தண்ணீர் கேட்காத சாம்பல் நிற உப்புப் புதர்கள் தானாக முளைத்தன. குனிந்தால் முட்டி வலிக்கும் என்பதால் அவள் பிடுங்கவில்லை.

"வாண்டா, உங்க முன்பக்கத்துக்கு நான் ஒரு திட்டம் போட்டுத் தர்றேன்" என்றார் கெல்வின், வேலிக்கு இந்தப் பக்கமிருந்து.

"எதுக்குப்பா? அது பாட்டுக்குக் கிடக்குது."

"சும்மா கிடக்கறதெல்லாம் தோட்டமாயிடாது."

"தோட்டம்னு யார் சொன்னா?"

அந்த ஊருக்குக் கோடையான ஜனவரியில் வெயில் நாற்பத்தைந்து டிகிரியைத் தொட்டது. ஊர்ச் செடியெல்லாம் கருகியபோது கெல்வினின் வாசலோரம் மட்டும் கங்காருப் பாதச் செடிகள் நெஞ்சுயரம் வளர்ந்து பூத்தன. தான் வேருக்குக் கொடுத்த பயிற்சி என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விளக்கினார்.

"அங்க தவளை கத்துது" என்றாள் நோரீன்.

"பல்லுயிர்ப் பெருக்கம்" என்றார் அவர்.

அந்த வாரமே தண்ணீர் பில் வந்தது. மூன்று மாதத்தில் இரண்டு லட்சம் லிட்டர். தெருவிலேயே அதிகம். கெல்வின் ஒரு நாள் முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்: வாண்டா திருடுகிறாள். வெளிக்குழாய்க்குப் பூட்டுப் போட்டார். சட்டப் பிரிவுகளைக் குறிப்பிட்டு இரண்டு பக்கக் கடிதம் எழுதி அவள் தபால் பெட்டியில் போட்டார்.

பிப்ரவரியில், ஊர்த் தோட்டக் கழகத்தின் சிக்கனத் தோட்டப் போட்டிக்காக ஹெதர் லிண்ட்குவிஸ்ட் என்ற அம்மாள் நடுவராகப் பார்வையிட வந்தார். கெல்வின் நாற்பது நிமிஷம் பேசினார். அந்த அம்மாள் மண்டியிட்டு மூடாக்குக்குள் கையை விட்டார். மணிக்கட்டுவரை சேறு.

"இந்தப் பலகைய எவ்வளவு ஆழம் இறக்குனீங்க?"

"உறுதியா நிக்கணும்ல மேடம்."

அந்த அம்மாள் வாசலோரப் பெரிய பலகையைப் பிடித்து ஆட்டி இழுத்தார். கம்பி துளைத்திருந்த குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு அவர் தொப்பியைத் தள்ளியது. கெல்வின் ஓட்டையைக் காலால் மிதித்தபடி நின்றார். மீட்டருக்குப் போய் வால்வை மூடியது நோரீன்.

முழங்கால்வரை ஈரத்தோடு கெல்வின் அன்று சாயங்காலமே வேலிக்குப் போனார்.

"வாண்டா... அந்தக் கடிதம். அது தப்பு. மன்னிச்சுடுங்க."

"எந்தக் கடிதம்? தபால் பெட்டில இருந்த தாளா? அதுல இறால் மடிச்சுக் குடுத்துட்டனே."

முதல் பரிசு வாண்டாவுக்குக் கிடைத்தது. அவளிடம் யாரும் விண்ணப்பம்கூடக் கேட்கவில்லை. நடுவர் அம்மாள் திரும்பிப் போகும்போது வேலிக்கு மேலே பார்த்திருக்கிறார். பரிசளிப்பில் வாண்டா, "நான் ஒண்ணுமே பண்ணலீங்க" என்றாள். எவ்வளவு அடக்கம் என்று கூட்டம் கை தட்டியது. கெல்வின் பொறுக்காமல் நடுவரிடம் போய், "அவங்க நிஜமாவே ஒண்ணும் பண்ணல மேடம்" என்றார்.

"தெரியும். அதுக்குத்தான் பரிசு."

குழாயை அடைத்ததும் கங்காருப் பாதங்கள் மூன்று வாரத்தில் சுருண்டு விழுந்தன. பலகைகளைக் கெல்வின் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொட்டகையில் அடுக்கினார். பத்து நாள் யாரிடமும் பேசவில்லை. இத்தனை நிம்மதியான பத்து நாளைத் தெரு அதற்குமுன் கண்டதில்லை.

பிறகு தோட்டக் கழகத்திலிருந்து அழைப்பு வந்தது: குழாய்க் கசிவைக் கண்டுபிடிப்பது பற்றி, அனுபவஸ்தர் என்ற முறையில், பேச முடியுமா? கெல்வின் நிமிர்ந்து உட்கார்ந்து திரையில் காட்ட அறுபத்திரண்டு படங்கள் தயாரித்தார். பேச்சு நடந்த சனிக்கிழமை நோரீன் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாண்டாவோடு கடலுக்குள் நீளும் பாலத்துக்குப் போய்விட்டாள். நாலு மீன் கிடைத்ததாம்.