நான்குமுனைச் சந்திப்பில் என் முகம்

வியட்நாம் விசாவுக்கான புகைப்படத்தில் சிரிக்கக் கூடாது, கண்ணாடி அணியக் கூடாது, பின்னால் வெள்ளைத் திரை இருக்க வேண்டும். வருவாய்த் துறையில் தலை நரைத்த எனக்குச் சிரிக்காமல் இருப்பது சிரமமில்லை. என் மனைவிக்குத்தான் கேமராவைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கவில்லை.

பயணம் அவளுடைய யோசனை. நான் பணியில் இருந்தவரை ஜமாபந்தி, தேர்தல், புயல் என்று ஏதாவது வந்து எங்கள் ஊட்டிப் பயணத்தையே ஒவ்வொரு ஆண்டும் தள்ளிவைத்தது. ஓய்வுபெற்ற பிறகு, கடலுக்குள் நிற்கும் பாறைகளுக்கிடையே யாரோ படகில் போவதைக் கைபேசியில் பார்த்துவிட்டு, "இங்க போவணுங்க. இந்தத் தபா இல்லன்னா அப்புறம் கேக்கவே மாட்டேன்" என்றாள். அதை மிரட்டலாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். முடிவெடுத்துவிட்ட குரலில் சொன்னாள்.

எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். விசா, பயணக் காப்பீடு, மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டு. எல்லா ஆவணங்களின் நகல்களும் ஊரில் ஒருவரிடம் இருப்பது நல்லது என்பதால், தியாகதுருகத்தில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் என் மச்சானின் கைபேசிக்குப் புகைப்படம் உட்பட அனுப்பிவைத்தேன். புது ஷூவைப் புறப்படும் முன்பே காலுக்குப் பழக்க வேண்டுமென்று படித்திருந்தேன். ஆகவே அந்த வாரம் ஒருநாள் காலை பஸ்ஸில் வெள்ளிமலைக்குப் போய், கல்வராயன் மலைப் பாதையில் நடந்து பார்த்தேன். அவள் வழிக்கு முறுக்கு சுட வேண்டுமென்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். மலையில் சிக்னல் கிடையாது.

மதியம் திரும்பும்போது, எங்கள் ஊர் நான்குமுனைச் சந்திப்பில் பஸ் நின்ற இடத்திலிருந்து என்னையே பார்த்தேன். ஆளுயரத்துக்கு மேல் பெரிய ஃப்ளெக்ஸ். வெள்ளைப் பின்னணியில் சிரிக்காத, கண்ணாடியில்லாத என் முகம். தலைக்கு மேல் இரண்டு புறாக்கள் பறந்துகொண்டிருந்தன. படத்தின் இடப்பக்கம் ஒரு தேதி, வலப்பக்கம் ஒரு தேதி.

இறங்கி, அருகில் போய்ப் படித்தேன். இடப்பக்கம் புறப்பாடு, வலப்பக்கம் வருகை. கீழே பொடி எழுத்தில், வியட்நாம் செல்லும் மாமாவின் பயணம் வெற்றி பெற வாழ்த்துகள், மச்சானும் நண்பர்களும். எங்கள் ஊரில் ஃப்ளெக்ஸை யாரும் படிப்பதில்லை. வண்டியில் போகிற போக்கில் படத்தைப் பார்த்துச் சாவா, கல்யாணமா என்று முடிவுசெய்துகொள்வார்கள்.

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"சார்... இன்னா சார் நீங்க... இப்பதான் உங்க வூட்டுக்குப் போவலாம்னு கடைய மூடிக்கினு இருந்தேன்."

ஆட்டோவில் ஏறினேன்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சங்கராபுரத்திலிருந்து ஒரு சொந்தக்காரர் ரோஜா மாலையோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே என் மனைவி தரையில் சுவரோரமாக இருந்தாள். எதிரே, என்னிடம் எழுத்தராக வேலை பழகியவர், குடும்ப ஓய்வூதியத்துக்கு எதையெல்லாம் வாங்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். வரிசை சரியாகத்தான் இருந்தது. முதலில் இறப்புச் சான்று.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார், அலுவலகத்தில் நிற்பதைப் போலவே. அவள் எழவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு ஷூவை, மறுபடி முகத்தை. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

மச்சான் தலைதெறிக்க ஓடிவந்தான். இரவெல்லாம் விழித்து ஃப்ளெக்ஸ் அடிக்கவைத்து, காலையில் நான் பஸ் ஏறிய பிறகு கட்டிவிட்டுக் கைபேசியை அணைத்துத் தூங்கியிருக்கிறான்.

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு பண்ணேன் மாமா. ஃப்ளெக்ஸ் கடைக்காரன்கிட்ட ஏரோப்ளேன் படம் இல்ல. பறக்கறதா எதுனா போடுப்பான்னேன்."

"உங்க அக்கா படத்த ஏன்டா போடல?"

"பொம்பள போட்டோ போட்டா நீங்க கோச்சிக்குவீங்கன்னுதான் மாமா."

மாலையோடு வந்த சொந்தக்காரர் தயங்கியபடி, "சகுனம் சரியில்லீங்க. இந்தப் பயணமே வேணாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. எந்தப் பெண் இதற்குப் பிறகு கிளம்புவாள்?

எல்லோரும் போன பிறகு, "ரத்து பண்ணிடலாம். எப்படிப் பண்றதுன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

"நான் சொன்னனா?"

அவள் முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது.

"அவரு பென்ஷன் பென்ஷன்னு சொல்லிக்கினே இருந்தாரு. எனக்குக் காதுலயே ஏறல. ஒண்ணே ஒண்ணுதான் மனசுல ஓடிக்கினு இருந்துது. சொன்னா கோச்சிக்காதீங்க."

"சொல்லு."

"எல்லாம் முடிஞ்சப்புறம், நான் மட்டும் தனியா போயிட்டு வந்தா இன்னான்னு. உங்க டிக்கெட்டதான ரத்து பண்ணணும், என்னுது இருக்குமே, வுடுவாங்களான்னு."

காலையிலிருந்து பார்த்த எதுவும், சந்திப்பில் தொங்கிய என் முகம்கூட, இப்படித் தாக்கவில்லை.

"அழுதுக்கினேதாங்க நெனச்சேன்" என்றாள், அதுவும் ஒரு சமாதானம் என்பதுபோல். "வுடுவாங்களா?"

விதி எனக்குத் தெரியும்.

"விடுவாங்க" என்றேன்.

"அப்ப சரி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீதி மாவைப் பிழிய எழுந்து போனாள்.