வீட்டு இலக்கம் கட்டாயம்

முதலாளி கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, பூப்போட்ட மேசைத்துணியால் மூடி, ஆறு மாதம் அதற்கு ஊதுபத்தி மட்டும் காட்டிக்கொண்டிருந்தார். பதுளை பஜாரில் காகிதாதிகள் விற்கும் கடை அது. நான் அங்கே பதினெட்டு வருடமாக பேனாவும் கோப்பும் எடுத்துக் கொடுக்கிறவன். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, சமூகக் கல்லூரியில் சனிக்கிழமைகளில் அடிப்படைக் கணினி வகுப்பு நடப்பதாகவும், மூன்று மாதம் நான் போய்ப் படித்துவிட்டு வர வேண்டும் என்றும் சொன்னார்.

“கடையில சின்னப் பசங்க இருக்காங்களே முதலாளி?”

“அவனுங்களை அனுப்பினா சர்டிபிகேட்டைக் கையில வாங்கினதும் டுபாய்க்குப் போயிருவானுங்க. ஒங்களுக்கு எவன் விசா குடுக்கப் போறான்?”

ஐம்பத்திரண்டு வயதில் என் தகுதியை மதித்து ஒருவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சேர்ந்துவிட்டேன்.

முதல் சனிக்கிழமை வகுப்பில் இருபது பேர் இருந்தார்கள். பத்தொன்பது பேருக்கு நான் அப்பாவாகவோ சித்தப்பாவாகவோ இருந்திருக்கலாம். இருபதாவது ஆள் நான். மவுஸை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அக்கம்பக்கம் பார்த்துத் தெரிந்துகொண்டு, திரையில் இருந்த பதிவுப் படிவத்தை ஒற்றை விரலால் நிரப்பினேன். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை எல்லாம் ஒழுங்காகப் போயின. வீட்டு இலக்கம் என்ற கட்டத்தில் நின்றேன். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை வெறுமையாக விட்டு அடுத்த பக்கத்துக்குப் போக முயன்றேன். ‘வீட்டு இலக்கம் கட்டாயம்’ என்று இயந்திரம் சிவப்பில் எழுதிக் காட்டியது. இன்னொரு தடவை அழுத்தினேன். இன்னொரு தடவை எழுதியது. வீட்டில் என் மனைவிகூட ஒரே விஷயத்தை இரண்டாம் முறை சொல்லும்போது குரலைக் கொஞ்சம் மாற்றுவாள். இது மாற்றவில்லை.

வகுப்பெடுத்த மிஸ் யாழ்ப்பாணத்துப் பெண். வேலைக்காகப் பதுளைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது.

“என்ன ஐயா, அதிலயே நிண்டுட்டியள்?”

“வீட்டு இலக்கம் கேக்குது மிஸ்.”

“போடுங்கோவன்.”

“இல்லையே.”

“வீடு இல்லையோ?”

“வீடு இருக்கு. இலக்கம்தான் இல்ல.”

அவருக்கு உடனே புரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஏதாவது ஒண்டைப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்கோ. தோட்டத்துப் பிள்ளையள் எல்லாரும் அப்பிடித்தான் போடுகினம்.”

எட்டிப் பார்த்தேன். எனக்கு வலப்பக்கம் பூனாகலையிலிருந்து வந்த பிள்ளை ‘இலக்கம் ஒன்று, பிரதான வீதி’ என்று போட்டிருந்தாள். அவளுக்கு அடுத்தாற்போல் நமுனுகுலப் பக்கத்துப் பையனும் அதே ஒன்று, அதே வீதி. அன்று காலை அந்த அறையில் ஏழு பேர் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள்.

“நான் பொய்யாப் போட மாட்டேன் மிஸ்.”

நான் பொய்யே சொல்லாதவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தீர்ந்துபோன மைப்போத்தல் நாளைக்கு வரும் என்று வருடக்கணக்காகச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன். ஆனால் இந்த விலாச விஷயத்தில் எனக்கு அப்போது வயிறு எரிந்துகொண்டிருந்தது. காரணம் என் மனைவியின் கண்.

அவள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். ஸ்பிரிங்வெளி ரோட்டில் ஏறிப் போனால் வரும் ஒரு தோட்டத்தில், மேல் லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில், வேலைக்காக அவள் பெயரில் கிடைத்த ஒற்றை அறைக் காம்பராவில்தான் நானும் குடியிருக்கிறேன். வலது கண்ணில் படலம் விழுந்திருந்தது. ஆபரேஷனுக்குத் திகதி குறித்துக் கண் கிளினிக்கிலிருந்து கடிதம் போடுவார்கள். லயத்துக் காம்பராக்களுக்கு இலக்கம் கிடையாது என்பதால் எங்கள் தோட்டத்துக் கடிதங்கள் எல்லாம் கட்டாகத் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் பெயர் சொல்லிக் கொடுப்பார்கள். முதல் கடிதம் ஆபீஸ் மேசை லாச்சியில் படுத்துக் கிடந்து, திகதி முடிந்த பிறகு எழுந்து வந்தது. இரண்டாவது கடிதம் கீழ் லயத்தில் அதே பெயருள்ள இன்னொரு பெண்ணிடம் போனது. அவள் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். கடிதம் அவள் வீட்டு டிவிக்கு மேல் ஒன்பது நாள் இருந்தது. மூன்றாவது தடவையும் வராவிட்டால் பெயரை வெட்டிவிட்டு, மறுபடியும் வரிசையின் கடைசியில்தான் சேர்ப்போம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். போனில் சொல்லலாமே என்பீர்கள். மேல் லயத்தில் போன் எடுபட வேண்டுமானால் மேட்டில் ஏறி நமுனுகுல மலையைப் பார்த்து நிற்க வேண்டும். அவள் நிற்கிற இடம் தேயிலைக்குள். கடை நம்பரைக் கொடுத்தால், நோயாளியிடம்தான் சொல்வோம் என்கிறார்கள்.

ஆகவே நான் பொய்யாகப் போட மாட்டேன் என்றேன். மிஸ் பெருமூச்சு விட்டு, என் பெயருக்கு நேரே ‘தற்காலிகம்’ என்று குறித்தார். “கடைசிக் கிழமைக்குள்ள ஒரு இலக்கம் வேணும் ஐயா. இல்லாட்டி சேர்ட்டிபிகேட் பிரிண்ட் ஆகாது.”

“அதுக்குள்ள வந்துரும் மிஸ்” என்றேன். எங்கிருந்து வரும் என்று எனக்கே தெரியாது.

அடுத்த சில வாரங்களைப் பற்றிப் பெருமையாக எழுத ஒன்றுமில்லை. ஒரு பக்கம் தட்டச்சு செய்து சேமிக்காமல் அணைத்தேன். சேமித்த இன்னொன்றை எங்கே சேமித்தேன் என்று தேடி ஒரு சனிக்கிழமை போனது. நான் படித்த புத்தகங்களை அடுக்கினால் காம்பராவின் கூரையைத் தொடும் என்று என் மனதுக்குள் ஒரு கர்வம் இருந்தது. அந்தப் படிப்பில் ஒரு வரிகூட, அழிந்த பக்கத்தைத் திரும்பக் கொண்டுவர உதவவில்லை. பூனாகலைப் பிள்ளை இரண்டு பொத்தானை ஒன்றாக அழுத்திக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆறாவது வாரம் மெயில் மேர்ஜ். ஒரு கடிதத்தை ஒரே தடவை எழுதுகிறோம். பெயர்களும் விலாசங்களும் தனியாக ஒரு அட்டவணையில் இருக்கும். இரண்டையும் இணைத்தால் ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனிக் கடிதம், தனித்தனி உறை. பயிற்சிக்குக் கொடுத்த அட்டவணையில் எல்லோருக்கும் அழகான வீதி, அழகான இலக்கம். வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கைக்குக்கூட இலக்கம் இருந்தது.

“மிஸ், இந்த லிஸ்டுக்குப் பதிலா நம்ம சொந்த லிஸ்ட் போடலாமா?”

“தாராளமாப் போடுங்கோ. உங்கட சோதினைக்கும் அதையே வைக்கலாம்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பயிற்சிக் கொப்பியோடு லயத்துக்கு முன்னால் நின்றேன். ஒரே வரிசையில் பன்னிரண்டு கதவு. ஒரு முனையில் தண்ணீர்ப் பைப், மறுமுனையில் கொய்யா மரம். பைப் பக்கமிருந்து எண்ணினேன். முதல் காம்பராக்காரர் தனக்கு ஒன்று என்றதும் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றார். எனக்கு ஐந்து. எட்டாவது கதவில் ஆட்சேபணை வந்தது.

“எட்டா? அது சனி நம்பரு. எங்களுக்கு ஆகாதுங்கண்ணே” என்றாள் அந்த வீட்டுப் பெண். “மக கல்யாணம் பேசிக்கிட்டிருக்கோம்.”

“அப்ப ஏழுக்குப் பெறகு ஒன்பது போடவா?”

“போடுங்க. யாரு கேக்கப் போறா?”

“கம்ப்யூட்டர் கேக்கும்.”

உண்மையில் கேட்காது. ஆனால் கணினி படிக்கிறவன் சொன்னால் யாரும் மறுப்பதில்லை என்பதை நான் அதற்குள் கற்றிருந்தேன். கொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். கொய்யா மரத்துப் பக்கமிருந்து எண்ணினால் அவளுக்கு ஐந்து, எட்டு என் தலையில். அப்படியே மாற்றினேன். பைப் பக்கத்துக்காரர் ஒரே நிமிடத்தில் ஒன்றிலிருந்து பன்னிரண்டுக்கு இறங்கினார். சட்டையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

“எட்டை நம்ம வீட்டுக்கா எடுத்துட்டு வந்தீங்க?” என்று மனைவி கேட்டாள்.

“ஒனக்கு சனி பயமா?”

“கட்டி முப்பது வருசமாச்சு. இனிமே என்ன பயம்?”

அடுத்த வகுப்பில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை, தாளுக்கு ஓர் எண்ணாக, பக்கம் நிறைய அச்சடித்தேன். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒவ்வொரு ஜன்னலிலும் உள்பக்கமாக ஒட்டினோம். செவ்வாய்க்கிழமை காலை பெரட்டுக்கு வரச்சொல்லிப் பெரிய கிளாக்கர் ஆள் அனுப்பினார். தோட்டத்து ஆபீசுக்குத் தலைமை அவர். நான் தோட்டத்தில் வேலை செய்கிறவன் இல்லை என்றாலும் போனேன். வேலைக்கு வந்த எல்லோரும் நின்றார்கள்.

“யாரைக் கேட்டு நம்பர் போட்டீங்க? லயம் தோட்டத்துச் சொத்துன்னு தெரியாதா?”

“கதவுல ஒரு ஆணி அடிக்கலைங்க ஐயா. பெயிண்டும் பூசல. தாளு எங்களுது.”

“டவுனுக்குப் போய் கம்ப்யூட்டர் படிச்சதும் பெரிய தொரையாயிட்டீங்களோ?”

“இன்னும் ஆறு வாரம் இருக்குங்க. படிச்சு முடிச்சாத்தான் தெரியும்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்தது. “காம்பரா ஒங்க சம்சாரம் பேர்ல இருக்கு. ஞாபகம் வச்சுக்குங்க” என்றார்.

எழுதி வைத்துக்கொண்டு பேசுகிற ஆள் நான், சட்டைப்பையில் பேனாவைத் தேடினேன். என் மனைவி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னே வந்தாள்.

“கிளாக்கர் ஐயா, கொழுந்து நிறுக்கறப்ப எனக்கு நம்பர் இருக்கு. பேரைச் சொல்லிக்கூட கூப்பிட மாட்டீங்க, நம்பரைத்தான் கூப்புடுவீங்க. நான் படுக்கிற எடத்துக்கு ஒரு நம்பர் இருந்தா ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போயிரும்?”

எட்டாம் நம்பரை மறுத்த அந்தப் பெண், “அதானே” என்றாள். இன்னும் நாலைந்து ‘அதானே’ வந்தது. கிளாக்கர் கொப்பியைத் திறந்து வேலை பிரிக்க ஆரம்பித்தார். தாள்களைக் கழற்றச் சொல்லி யாரும் வரவில்லை.

தபால்காரர் சிங்களவர். எங்கள் லயத்தைத் தாண்டித்தான் மோட்டார் சைக்கிளில் ஆபீசுக்குப் போவார். ஒரு நாள் வழியில் நிறுத்தி, கடிதத்தை ஏன் கதவில் கொடுப்பதில்லை என்று கேட்டேன்.

“அண்ணே, நம்பர் இல்ல, ஒரே பேர் மூணு ஆளு. நான் எப்படி கண்டுபுடிக்கிறது?” என்றார். “கவர்ல நம்பர் எழுதியிருந்தா வீட்டுக்கே குடுப்பேன். அது என் வேலைதானே.”

சோதனைக்காகப் பன்னிரண்டு கடிதம் தயாரித்தேன். ‘இக்கடிதம் உங்கள் கதவுக்கு வந்ததா, ஆபீசுக்கு வந்ததா என்பதை மேல் லயம் எட்டாம் இலக்கத்துக்குத் தெரிவிக்கவும்’ என்பதுதான் கடிதம். எனக்கு நானே ஒன்று எழுதிக்கொண்டேன். பதுளைத் தபாற்கந்தோரில் முத்திரை ஒட்டிப் போட்டுவிட்டு மூன்று நாள் காத்திருந்தேன். பதினொன்று கதவுக்கு வந்தது. பன்னிரண்டாவது ஆபீசுக்குப் போனது. விசாரித்தால், பைப் பக்கத்துக்காரர் நான் கொடுத்த தாளைக் கழற்றிவிட்டு, கரியால் ‘1’ என்று தானே எழுதி ஒட்டியிருக்கிறார். ஒரே லயத்தில் இரண்டு ஒன்று, பன்னிரண்டைக் காணோம். தபால்காரருக்கு எதற்கு வம்பு? கடிதத்தை வழக்கம்போல் ஆபீசில் கொடுத்துவிட்டார். அதை வாங்கப் பெரட்டில் காத்து நின்ற அன்று மாலையே மனிதர் பன்னிரண்டைத் தேடி எடுத்து ஒட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு மனைவியோடு கண் கிளினிக்குக்குப் போனேன், விலாசத்தை மாற்ற. அங்கேயும் கம்ப்யூட்டர்தான். விலாசம் கேட்டதும் நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, கியூவில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் குரலில் சொன்னாள்: “எழுதிக்குங்க. இலக்கம் எட்டு. மேல் லயம்.”

திகதிக்கு ஆறு நாள் முன்பாகக் கடிதம் வந்தது. அவள் பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது ஜன்னல் வழியாக உள்ளே விழுந்து கிடந்ததாம். எழுத்துத் தெரியாததால் பிரிக்காமல், நான் கடையிலிருந்து வரும்வரை மடியிலேயே வைத்திருந்தாள். பிரித்து வாசித்தேன். இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னாள். ஆபரேஷன் முடிந்தது. இப்போது நன்றாகப் பார்க்கிறாள். என் சட்டைக் காலர் அழுக்கு, என் புத்தகங்களின் தூசு, என் தொப்பை, எல்லாம் முன்னைவிடத் துல்லியமாகத் தெரிவதாகச் சொல்கிறாள்.

கடைசிச் சனிக்கிழமை என் படிவத்திலிருந்த ‘தற்காலிகம்’ என்பதை மிஸ் என்னையே அழிக்க விட்டார். கட்டத்தில் எட்டு என்று அடித்தேன். அடுத்த பக்கம் முனகாமல் திறந்தது. பூனாகலைப் பிள்ளை தன் படிவத்தைத் திரும்பத் திறந்து, பிரதான வீதியை அழித்துவிட்டு, “அங்கிள், நாங்க கதவை எந்தப் பக்கத்துல இருந்து எண்ணுறது?” என்று கேட்டாள். சண்டை குறைவாக வரும் பக்கமிருந்து என்றேன்.

சோதனை முடிவும் சான்றிதழும் தபாலில் வரும் என்றார்கள். வந்தது. ஆனால் அந்த வாரம் எங்கள் தபால்காரர் லீவு. பதிலுக்கு வந்தவர் பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் கட்டாக ஆபீசில் போட்டுவிட்டுப் போய்விட்டார். உறையின் மேல் இலக்கம் எட்டு என்று தெளிவாக அச்சடித்திருந்ததைப் பெரட்டில் பார்த்தவர்கள் சொன்னார்கள். வந்து வாங்கிக்கொள்ளும்படி பெரிய கிளாக்கர் ஆள் அனுப்பினார்.

உறையில் உள்ள விலாசத்துக்குக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள் என்று அந்த ஆளிடமே பதில் சொல்லி அனுப்பினேன்.

ஐந்து வாரமாகிறது. கடிதம் ஆபீசில் இருக்கிறது, நான் வீட்டில் இருக்கிறேன். போய் வாங்கினால் என்ன, நடந்தால் கால் மணி நேரம்தானே என்று முதலாளி கேட்கிறார். பாஸா, பெயிலா என்றும் கேட்கிறார். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. கடைக் கம்ப்யூட்டரின் மேசைத்துணியை எடுத்தாகிவிட்டது, விற்பனைச் சீட்டு ஒழுங்காக அச்சாகிறது, அதை வைத்து அவர் ஒரு முடிவுக்கு வந்துகொள்ளட்டும். கிளாக்கர் ஐயா இன்னும் இரண்டு வருடத்தில் பென்ஷனுக்குப் போகிறவர். எனக்கு அவசரமில்லை.