பன்னிரண்டு நாள் விடுமுறையும் இருநூற்றுப் பன்னிரண்டு படியும்

கிரேன் அக்காவுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். குளிர்காலம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், அலாரத்திலிருந்து அதிகாரி வரை எல்லோருக்கும் திட்டு விழும்.

துறைமுகத்தில் கப்பலிலிருந்து பெட்டிகளை இறக்கும் பெரிய கிரேனைப் பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறவள் அவள். உச்சியில் இருக்கும் கண்ணாடி அறைக்குப் போக இருநூற்றுப் பன்னிரண்டு இரும்புப் படி. வருஷக் கடைசியில் பன்னிரண்டு நாள் விடுமுறை. துறைமுகம் மறுபடி திறக்கிற அன்று காலை பாதுகாப்பு அதிகாரி கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். வழியில் மூன்று தடவைக்கு மேல் நிற்காமல் மேலே போய்ச் சேர வேண்டும். போன வருஷம் அவள் நான்கு தடவை நின்றுவிட்டாள்.

"இந்த ஒரு தடவை விடறேன்க்கா. அடுத்த வருஷமும் இப்படின்னா கேட்ல உக்காந்து லாரி நம்பர் எழுத வேண்டியதுதான்" என்றார் அதிகாரி. மீசை முளைத்து நாலு வருஷம் ஆகியிருக்குமா? அவர் சொல்கிறார், இவள் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது!

கேட்டில் உட்காருவதை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரியும். அதனால் வெயில் இருந்த மாதங்களிலேயே பயிற்சியைத் தொடங்கிவிட்டாள். வீடு ஒன்பதாவது மாடி. காலை ஐந்தரைக்குக் கீழே இறங்கி, லிஃப்ட் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு தடவை ஏறுவாள். குளிர் வந்தது. இரண்டு ஒன்றானது. விடுமுறையும் வந்தது, கூடவே நாத்தனார் குடும்பமும் வந்தது.

"என்ன அண்ணி, லீவுலகூடவா? ஒரு நாள் படுத்தா குடியா முழுகிடும்?" என்றாள் நாத்தனார். பெரிய தட்டு நிறையப் பொரித்ததும் இனிப்புமாக முன்னால் நீட்டினாள். கிரேன் அக்காவும் ஒரு பிடி பிடித்தாள். மூன்றாம் நாள் அலாரம் அடித்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை, அவ்வளவு பனி. அலாரத்தின் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

"எந்திரிக்கலையா?" என்றார் கணவர்.

"என் காலு, நான் ஏறுவேன் இல்ல படுப்பேன். உங்க வேலையைப் பாருங்க!"

அன்று மத்தியானம் லிஃப்ட் நின்றுபோனது. கணவருக்குத் தொழிலே லிஃப்ட் மெக்கானிக் வேலைதான். அந்தக் கட்டடத்து லிஃப்டும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. மொட்டை மாடி மோட்டார் அறைக்குப் போனவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். "ஃபியூஸ் போயிடுச்சு. எலக்ட்ரிக் கடையெல்லாம் லீவு. திறந்தாத்தான் கிடைக்கும்."

கட்டடமே அவரை வறுத்தெடுத்தது. எல்லோரையும்விட அதிகமாக வறுத்தது அவர் மனைவிதான். "ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் சரி பண்றீங்க, சொந்த வீட்டு லிஃப்டைப் பார்க்கத் துப்பில்ல!" நாத்தனார் மறுநாளே பெட்டியைக் கட்டினாள். பால் வாங்க, காய் வாங்க, குப்பை கொட்ட என்று தினமும் மூன்று நான்கு தடவை படி ஏறினாள் கிரேன் அக்கா. கணவர் கடைக்குப் போனால் உப்பை மறந்துவிட்டு வருவார், அதற்கும் இவள்தான் ஓட வேண்டும். இரண்டாம் மாடிவரை கணவருக்குத் திட்டு, நான்காம் மாடிவரை குளிருக்கு, மிச்சத்துக்கு அந்த அதிகாரி.

ஏழாம் மாடியில் ஒரு கதவு திறந்தே இருக்கும். கடிகாரம் பழுது பார்க்கிறவர் ஒருவர் அங்கே தனியாக இருந்தார். சின்ன வயதிலிருந்தே ஒரு காலில் பலம் இல்லை, கட்டையை ஊன்றித்தான் நடப்பார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

"என்னம்மா, நேத்தைக்கு இன்னிக்குத் தேவலை போலிருக்கே! ஏறு, ஏறு!"

"நீங்க லீவுக்கு எங்கயும் போகலையாண்ணா?"

"லிஃப்ட் வரட்டும்மா, பார்க்கலாம்" என்பார் சிரித்துக்கொண்டே. அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

பதினோராம் நாள் காலை முழங்கால் தைலத்தைத் தேடி, கணவரின் வேலைப் பைக்குள் கையை விட்டாள். துணியில் சுற்றிய லிஃப்ட் ஃபியூஸ் கையில் வந்தது. பீங்கானில் ஒரு கீறல்கூட இல்லை. கிரேன்காரிக்கு நல்ல ஃபியூஸைத் தெரியாதா?

"யோவ்!"

இருபத்தாறு வருஷத்தில் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் மறைக்கவும் இல்லை.

"மூணாம் நாளே நீ படுத்துட்டே. அந்த கிரேன் போச்சுன்னா நீ என்ன ஆவேன்னு எனக்குத் தெரியும். சொன்னா கேக்கிற ஆளா நீ? கோபம் வந்தாத்தான் உன் காலு நகரும். அதான் கழட்டி வெச்சேன்."

"அதுக்காக இத்தனை பேர் காலையும் உடைப்பீங்களா? முதல்ல போய் மாட்டுங்க. மாட்டிட்டு ஒவ்வொரு வீடா ஏறி நீங்களே சொல்லுங்க. நானும் கூட வருவேன்."

எல்லா வீட்டிலும் நல்ல அர்ச்சனை கிடைத்தது. ஏழாம் மாடிக்காரர் மட்டும் சத்தமே போடவில்லை. அவர் மேஜைமேல் வண்ணக் காகிதம் சுற்றிய சின்னப் பெட்டி ஒன்று இருந்தது.

"என் பொண்ணு வெளியூர்லேர்ந்து மாமியார் வீட்டுக்கு வந்திருந்தா. இங்கேர்ந்து பஸ்ல முக்கால் மணி நேரந்தான். பொறந்து இருபது நாளான குழந்தை. ஆபரேஷன் பண்ணின உடம்போட அவளால ஏழு மாடி ஏற முடியல. என்னால இறங்க முடியல. நேத்து கிளம்பிப் போயிட்டா."

கணவர் கையைப் பிசைந்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"கடை லீவுன்னியே! நம்பினேன்யா! லீவு முடியட்டும்னு உக்காந்திருந்தேன்." கடிகாரக்காரர் கட்டையால் தரையை ஒரு தட்டு தட்டினார். அவள் பக்கம் திரும்பினார். "என் எட்டு நாளைப் பிடுங்கி உன் காலுக்குக் கொடுத்திருக்காரு உன் புருஷன். நாளைக்கழிச்சு நீ நின்னு நின்னு ஏறினேன்னு என் காதுல விழட்டும், அப்ப இருக்கு உனக்கு." கதவைச் சாத்திவிட்டார்.

விடுமுறையின் கடைசிக் காலை. அந்தக் குளிர்காலத்திலேயே மோசமான குளிர். லிஃப்ட் விளக்கு எரிந்தபடி கீழே தயாராக நின்றது. அவள் மூன்று தடவை படியில் ஏறினாள். ஏழாம் மாடியில் மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் கிரேனில் ஏறும்போது நூறாவது படியில் ஒரு தடவை நின்றாள், நூற்றெண்பதில் இன்னொரு தடவை. அவ்வளவுதான். மேலே போய் உட்கார்ந்ததும் வாக்கிடாக்கியில் அதிகாரியின் குரல் குதித்தது.

"ரெண்டே தடவைதான்க்கா! லீவுலகூட விடாம பயிற்சி எடுத்திருக்கீங்க!"

"பாராட்டாதே தம்பி. பாஸுன்னு எழுதிட்டுப் போ."

அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கணவரைத் திட்டித் தீர்த்தாகிவிட்டது, ஆனாலும் அடங்கவில்லை. மூன்றாம் நாள் காலை அந்தப் போர்வையை உதறிவிட்டு அவள் எழுந்திருந்தால், அவர் ஃபியூஸில் கையே வைத்திருக்க மாட்டார். ஏழாம் மாடிக்காரர் பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்சியிருப்பார்.