தபால்காரன் முழங்காலுக்கு நட்டஈடு

தபால்காரன் வேலையில் ஒரு வசதி உண்டு: கெட்ட செய்தியெல்லாம் அடுத்தவர் பெயருக்குத்தான் வரும்.

பதினெட்டு வருஷமாக நமுனுகுல பக்கத்துத் தோட்டங்களுக்குச் சைக்கிளில் கடிதம் கொண்டுபோன எனக்கு, அந்த வசதி ஒரே நாளில் பறிபோனது. கோயில் வளைவில் வேகமாக இறங்கிய மரக்கறி லொறி ஒன்று என்னையும் சைக்கிளையும் சேர்த்து வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் தள்ளிவிட்டது. வலது முழங்கால் சில்லு வெடித்துப் பதுளை ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தேன். இனி மேட்டில் சைக்கிள் மிதிக்கிற எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நட்டஈடு கிடைத்தால் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கி அதே பாதையில் ஓடலாம். கிடைக்காவிட்டால் டவுனில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெறும்வரை முத்திரை குத்த வேண்டியதுதான். லொறிக்காரரோ, "சைக்கிள்தான் பிழையான பக்கத்தில் வந்தது" என்று பொலிஸில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

நட்டஈட்டுக்கு அலைந்து செருப்புத் தேய்ந்தவர்களே, உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. கூட உட்கார்ந்து கொஞ்சம் சிரியுங்கள், போதும்.

வீதியின் பெயர்

லொறியின் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த காப்புறுதிப் படிவத்தில் முதல் கேள்வியே, விபத்து நடந்த வீதியின் பெயர், அருகிலுள்ள வீட்டு இலக்கம். எங்கள் வீதிக்கு ஏதுங்க பெயர்? யோசித்து யோசித்து, "கோயில் வளைவு, ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே, சாய்ந்த சவுக்கு மரத்துக்கு எதிரே" என்று எழுதி அனுப்பினேன். படிவம் அப்படியே திரும்பி வந்தது.

கட்டுப் போட்ட காலோடு, மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு பதுளைக் காப்புறுதி ஆபீசுக்குப் பஸ் ஏறினேன். அரைகுறையாக விலாசம் எழுதுகிறவர்களை வருஷக்கணக்காகத் திட்டித் தீர்த்தவன் நான். கவுண்டரில் இருந்த பிள்ளை என் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அதற்குத் தெரியாது. ரொம்பத் தன்மையாகத்தான் கேட்டது.

"ஐயா, இப்படி விலாசம் எழுதினா எந்தத் தபால்காரர் கண்டுபிடிப்பாரு?"

மாலை போட்ட சைக்கிள்

"அதிகாரி வந்து பார்க்கும்வரை சைக்கிளை யாரும் தொடக்கூடாது. அதுதான் உங்கள் சாட்சி" என்று என் வழக்கைப் பார்க்கும் லோயர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். முன்சக்கரம் நசுங்கி, ஹேண்டில் திரும்பிப் போய், சைக்கிள் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கிடந்தது. பார்க்கிறவன் வயிறு எரியும். எனக்கோ அதைப் பார்க்கப் பார்க்க நம்பிக்கை.

இடையில் ஆயுத பூசை வந்தது. பக்கத்து வீட்டு முத்துக்குமார் தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டர், தங்கமான மனுஷன். சோறு போட்ட சைக்கிளை உடைந்த கோலத்திலா பூசைக்கு வைப்பது என்று மனசு கேட்கவில்லையாம். நான் ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்றப் போன நேரத்தில் ஹேண்டிலை நிமிர்த்தி, சக்கரம் மாற்றி, சிவப்புப் பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டு வாசலில் நிறுத்திவிட்டார். வந்து பார்த்ததும் எனக்கு மயக்கம் வராத குறை. திட்ட வாயெடுத்தேன், அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து "ரொம்ப அழகா இருக்கு" என்று சொல்லி வைத்தேன். மறுநாள் காலையே காப்புறுதி அதிகாரி வந்து சேர்ந்தார். சைக்கிளை இரண்டு முறை சுற்றி வந்தார். "சேதம் இல்லை" என்று அவர் எழுதும்போது முத்துக்குமார் பெருமையாகப் பக்கத்தில் போய் நின்றார்.

"பெல்லும் புதுசுதாங்க சார், ஒருக்கா அடிச்சுப் பாருங்க."

எப்படி இருக்கீங்க?

சைக்கிளைப் பார்த்து முடித்த அதிகாரி வீட்டுக்குள் வந்தார். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்தவர் அப்படிக் கேட்டால் நம் ஆட்கள் என்ன சொல்வோம்? "நல்லா இருக்கேங்க சார், உங்க புண்ணியத்துல" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அவர் அதையும் எழுதினார். அதோடு விட்டேனா? உட்கார நாற்காலி இல்லாமல் அவர் நிற்கிறாரே என்று, பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பி, நொண்டி நொண்டி உள்ளே போய் நானே தூக்கிக்கொண்டு வந்தேன். "எழுந்து நடக்கிறார், பாரம் தூக்குகிறார்." அதுவும் எழுத்தில் ஏறியது.

மனைவி பூசை வடையும் தேத்தண்ணியும் கொடுத்து உபசரித்தாள். அவர் வெளியே போனதும், "நீயாவது வலிக்குதுன்னு சொல்லியிருக்கக்கூடாதா?" என்று பாய்ந்தேன். ராத்திரியெல்லாம் நான் முனகுவதைக் கேட்டுத் தூக்கம் கெட்டவள் அவள்தான்.

"சாப்பிடுற மனுஷன்கிட்ட அழுவாங்களா? அவருக்கு அந்த வடை செமிக்க வேணாமா?"

பதினாறு சாட்சிகள்

சைக்கிளும் போச்சு, காலும் போச்சு. நான் எந்தப் பக்கத்தில் வந்தேன் என்ற ஒரே கேள்விதான் மிச்சம். "யாராவது கண்ணால் பார்த்தார்களா?" என்று அதிகாரி கேட்டதுதான் தாமதம், கொழுந்து எடுக்கும் பெண்கள் பதினாறு பேர் கூடையோடு திரண்டு வந்துவிட்டார்கள். ஒருத்தி லொறி நீலம் என்றாள். இன்னொருத்தி இரண்டு லொறி என்றாள். மூன்றாமவள் நான் கோயில் கோபுர உயரத்துக்குப் பறந்ததாகச் சொன்னாள்.

அதிகாரி, யார் எந்த மலையில் வேலை செய்தார்கள் என்று குறிக்கும் செக்ரோல் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். அன்றைக்குப் பதினாறு பேரும் மலைக்கு அந்தப் பக்கம், மூன்றாம் நம்பரில். வளைவுக்கு மேலே ஏழாம் நம்பரில் நின்றது ஒரே ஒருத்தி, பாக்கியம் அக்கா. அந்தப் பெயரைக் கேட்டதும், நட்டஈடு போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன். கங்காணி தலையைச் சொறிந்துகொண்டு மற்றவர்களுக்காகப் பரிந்து பேசினார்.

"பொய் சொல்லலைங்க சார். பாசத்துல பார்த்துட்டாங்க."

பாக்கியம் அக்கா

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கட்டாரில் இருந்து அவர் மகன் பதிவுத் தபால் அனுப்பியிருந்தான். வீதியில் மறித்துக் கேட்டார். கொட்டுகிற மழை. அடையாள அட்டை வீட்டில் இருக்கிறது என்றார். "எடுத்துக்கிட்டு வாங்க, நிக்கிறேன்" என்று சொன்னேன். லயம்வரை ஏறி இறங்கி, நனைந்து நடுங்கிக் கையெழுத்துப் போட்டவர், அன்றோடு என் முகத்தில் முழிப்பதில்லை. இப்போது என் பிழைப்பே அவர் வாயில் இருந்தது.

அதிகாரியோடு நானும் ஊன்றுகோலில் போய் நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை. "ஏன் இதுவரை சொல்லவில்லை?" என்று கேட்டதற்கு, "யாரும் கேக்கலையே" என்றார். "இவர் பிழையான பக்கத்தில் வந்தாரா?" என்று கேட்டார் அதிகாரி. அக்கா கூடையை இறக்கி வைத்தார். சொன்னதைக் கேட்டு, அத்தனை பேர் பார்க்க, நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

"இந்த மனுஷனுக்கு என்னையும் தெரியும், எம் மகனையும் தெரியும். அப்படியும் அட்டை இல்லாம கடிதம் தரலைங்க. சட்டம்னா சட்டம்னு நிக்கிற ஆளு செத்தாலும் பிழையான பக்கம் வராது சார். லொறிதான் வளைவை வெட்டிக்கிட்டு இவரு பக்கம் வந்துச்சு, என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

பதிவுத் தபால்

ஆஸ்பத்திரி ரிப்போட்டும் அக்காவின் சாட்சியும் சேர்ந்து பலித்து, நட்டஈட்டுக் கடிதம் ஒரு பகல் வேளையில் பதிவுத் தபாலில் வந்தது. கொண்டுவந்தவர் என் பாதைக்குத் தற்காலிகமாக வந்த தபால்காரர். வீதிவரை நொண்டிப் போய்க் கையை நீட்டினேன். அவர் கடிதத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "அடையாள அட்டை, அண்ணே" என்றார். அது வீட்டில் இருந்தது. "என்னைத் தெரியாதா தம்பி?" என்று நான் கேட்கும்போது, பாக்கியம் அக்கா கூடையோடு அந்த வழியாக வந்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"போங்க, போய் எடுத்துக்கிட்டு வாங்க. இன்னைக்கு மழைகூட இல்லையே."

இப்போது நான் மோட்டார் சைக்கிளில் போகிறேன், இன்றைக்கும் அடையாள அட்டை பார்க்காமல் யாருக்கும் பதிவுத் தபால் கொடுப்பதில்லை, பாக்கியம் அக்காவிடம் மட்டும் மழை விட்ட பிறகு கேட்கிறேன்.