தம்பியோடு பேசாத பிரிட்ஜ்காரர்

கிண்ணம் முன்னால் வந்து உட்கார்ந்ததும் பிரிட்ஜ்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். ஆவி படிந்தால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கெல்லாம் அவருக்குப் பொறுமை கிடையாது. பிறகு இரண்டு குச்சிகளையும் மேசையில் ஒரு தட்டுத் தட்டிச் சமமாக்கி, நூடுல்ஸை ஒரு பிடி தூக்கி, 'சர்ர்ர்' என்று உறிஞ்சுகிறார். பின்னால் இருக்கும் மேசைகளில் நாலு தலைகள் திரும்பும். வீட்டில் இந்தச் சத்தம் கேட்டால் மனைவி கரண்டியோடு வந்து நிற்பார். இந்த ஜப்பான் சாப்பாட்டுக் கடையிலோ, சத்தம் போட்டுச் சாப்பிட்டால் சமையல்காரருக்குப் பெருமை. "மனுஷனை மனுஷனா சாப்பிட விடுற கடை இது ஒண்ணுதான்" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்வார்.

தொழில், பழுதான குளிர்பதனப் பெட்டிகளைச் சரிசெய்வது. பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய பை, செப்புக்குழாய் கீறிக் கீறித் தடித்துப்போன விரல்கள். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் எல்லோரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு, பெட்டியின் முதுகில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "அது பேசுதுங்க. நாமதான் காது குடுக்கணும்." பெட்டிக்கு ஒரு நியாயம், வீட்டுக்காரருக்கு ஒரு நியாயம் என்று அவரிடம் கிடையாது, நியாயம் எப்போதும் பெட்டி பக்கம்தான். "சுடச்சுடக் குழம்பைக் கொண்டாந்து உள்ள வெச்சா அது என்னங்க பண்ணும், பாவம்?" என்று, பெற்ற பிள்ளையை அடித்துவிட்ட மாதிரி வாடிக்கையாளரிடம் சண்டைக்குப் போவார். திட்டு வாங்கியவர்கள்தான் மறுபடியும் அவரைக் கூப்பிடுகிறார்கள்.

முன்பெல்லாம் அந்தப் பையின் இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டு தம்பி கூடவே வருவார். இருவரும் சேர்ந்துதான் கடை வைத்திருந்தார்கள். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் வீட்டில், பிரிட்ஜ்காரர் கம்ப்ரஸர் போய்விட்டது என்று சொல்ல, தம்பி குனிந்து பார்த்து, விசிறி மட்டும்தான் தட்டுகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். அதோடு விட்டிருந்தால் தேவலை. "அண்ணனுக்கு இப்பல்லாம் காது கொஞ்சம் மந்தம். தப்பா எடுத்துக்காதீங்க" என்று வாடிக்கையாளரிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். தொப்பையைக் கேலி செய்தாலும் பிரிட்ஜ்காரர் பொறுத்துக்கொள்வார்; காதைச் சொன்னால் பொறுக்க மாட்டார். அன்றைக்கு முகத்தைத் திருப்பியவர்தான். கடை இரண்டாயிற்று.

ஆனால் சாப்பாட்டுக் கடை இரண்டாகவில்லை. சனிக்கிழமை மதியம் இருவரும் இங்கேதான் வருகிறார்கள். "நான் ஏன் விடணும்? நான் கண்டுபிடிச்ச கடை" என்கிறார் அண்ணன். தம்பி தன்பாட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார். சமையல்காரருக்கு எதிரே நீளமான பலகை. அதன் முன்னால் அண்ணன், நடுவில் ஒரு காலி முக்காலி, அப்புறம் தம்பி. தம்பிக்குப் பன்றிக்கறி கட்லெட். கத்தி அதன் மேலோட்டில் இறங்கும்போது 'மொறுக்' என்று ஒரு சத்தம் வரும். பிரிட்ஜ்காரர் எச்சிலை விழுங்கிவிட்டு, "அது ஒண்ணும் பிரமாதமில்ல" என்று தன் கிண்ணத்தைப் பார்த்துச் சொல்வார். ஒரு தட்டு வரவழைத்துத் தின்றால் யாரும் கேட்கப்போவதில்லை. கட்லெட் தம்பி கட்சி என்று ஆகிவிட்டதே, என்ன செய்வது!

பேச்சுவார்த்தை முழுவதும் பரிமாறும் பெண் வழியாகத்தான்.

"தங்கச்சி, அவ்வளவு கடுகு விழுது தொட்டுக்கிட்டா வயித்தைப் புண்ணாக்கும்னு அந்த ஐயாகிட்ட சொல்லுங்க."

"அது என் வயிறுதான்னு அவருகிட்ட சொல்லும்மா."

கைநீட்டினால் தொடுகிற தூரம். இருந்தாலும் அந்தப் பெண் முகத்தில் சிரிப்பைக் காட்டாமல், இந்தப் பக்கம் திரும்பி ஒருமுறை, அந்தப் பக்கம் திரும்பி ஒருமுறை சொல்லிவிட்டுப் போவாள். தட்டு எடுப்பதைப் போல அதுவும் அவளுக்கு வேலையில் சேர்த்தி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தம்பி சொன்னதில் பொய் இல்லை. பிரிட்ஜ்காரருக்கு இடது காது நிஜமாகவே மந்தம். இந்தக் கடையில் அவர் எப்போதும் பலகையின் இடது கோடியில், சுவரை ஒட்டித்தான் உட்காருகிறார். நல்ல காது தம்பி பக்கம் இருக்கும்.

போன வாரம் அவர் மனைவி ஒரு செய்தி கொண்டுவந்தார். ஓரகத்திகள் இருவருக்கும் இந்தச் சண்டையில் பங்கில்லை. தினமும் போனில் கதைதான். தம்பி குடும்பத்தோடு மகள் இருக்கும் ஊருக்கே போய்விடுகிறாராம். விமானத்தில் போகிற தூரம். செவ்வாய்க்கிழமை பயணம். "நீங்களே ஒரு வார்த்தை பேசிடுங்களேன்" என்றார் மனைவி. "என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்று பிரிட்ஜ்காரர் எழுந்து போய்விட்டார். அந்த வாரம் அவரிடம் திட்டு வாங்காத வீடே இல்லை. மனசுக்குள் ஒரே பயம், அவன் சொல்லாமலே போய்விடுவானோ என்று. வீம்பு மட்டும் இறங்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. தம்பியும் வந்தார். பார்த்தால், பரிமாறும் பெண்ணுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, வாயைக் காட்டிக் கையை விரித்துவிட்டுப் போய்விட்டாள். கட்லெட் பாதி தீரும்வரை தம்பி தவித்தார். பிறகு எதிரே இருந்த சாஸ் பாட்டிலைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"செவ்வாய்க்கிழமை கிளம்புறோம். பொண்ணு வீட்டுக்குப் பக்கத்துலயே வீடு பார்த்தாச்சு."

பிரிட்ஜ்காரர் மூலையில் இருந்த குளிர்பானப் பெட்டியிடம் சொன்னார். "அந்த ஊர்ல குளிர் எலும்பைக் குடையுமாம். இருக்குற ஓட்டை ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டுப் போய் நிக்கக் கூடாது."

"புதுசு வாங்கியாச்சு" என்று சாஸ் பாட்டிலுக்குப் பதில் போனது, கொஞ்சம் உரக்க.

"கத்த வேணாம். இங்க யாருக்கும் காது மந்தமில்ல."

சமையல்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பி கட்லெட் துண்டு ஒன்றைத் தட்டிலேயே இப்படியும் அப்படியும் புரட்டினார். குரல் இறங்கிவிட்டது. "அன்னைக்கு வெளி ஆளுங்க முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கணும். தப்புதான்ணா."

அண்ணா என்ற சொல் சாஸ் பாட்டிலுக்கு உரியதல்ல. பிரிட்ஜ்காரருக்கு அது நன்றாகவே கேட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, குச்சிகளை மேசையில் தட்டித் தட்டிச் சமமாக்கினார். வீட்டு வாசலில் நின்று முன்பின் தெரியாதவர்களோடு மல்லுக்கு நிற்கிற வாய் அது. கிண்ணத்தில் நூடுல்ஸ் ஊறித் தடித்துக்கொண்டிருந்தது. ஒரு வாய்கூட உறிஞ்ச முடியவில்லை. தம்பி பார்த்தார். இன்னும் கொஞ்சம் பார்த்தார். மிச்சத்தை அவசரமாக வாயில் போட்டு மென்றுகொண்டே எழுந்து, மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, சமையல்காரருக்குத் தலையை அசைத்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார்.

"டேய், நில்லு."

பிரிட்ஜ்காரர் முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். தம்பியின் மோவாயில் சாஸும் ரொட்டித்தூளும் அப்பியிருந்தன. கைக்குட்டையை உருவிப் பக்கத்து மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரில் நனைத்து, இடது கையால் அந்த மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, அழுத்தி அழுத்தித் துடைத்தார். பேரன் எடுத்த தம்பி, கடை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணை மூடிக்கொண்டு முகத்தை இன்னும் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தார்.