விடுபட்ட எட்டு வினாடி

விழுப்புரத்தில் ஒரு மாடிக் கடையில் ஆறு வருடம் வீடியோ மிக்சிங் வேலை பார்த்தேன். கல்யாணக் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, டிவிடியாக மாற்றிக் கொடுக்க வேண்டும். கேமரா பிடிப்பவர் முதலாளி. அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் இரண்டு பேரைத் தவிரக் கடையில் வேறு ஆள் கிடையாது. இது நடந்தது இரண்டாயிரத்து ஐந்திலோ ஆறிலோ. நாலு வழிச் சாலை போடுவதற்காக ரோட்டின் இரண்டு பக்கமும் தோண்டிப் போட்டிருந்த சமயம்.

ஒரு திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். படியில் பல பேர் ஏறி வரும் சத்தம் கேட்டது. முந்தின நாள் நாங்கள் எடுத்த கல்யாணத்தின் பெண்வீட்டார். முன்னால் வந்தவர் மணப்பெண்ணின் பெரியப்பா, கூடவே இரண்டு ஆண்கள். அவர்களுக்குப் பின்னால் நாற்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெண். அவரை உள்ளே விடாமல் படியிலேயே உட்காரச் சொன்னார்கள்.

"நேத்து பொண்ணு கழுத்துல கிடந்த செயினக் காணம்மா," என்றார் பெரியப்பா. "பந்திக்குப் போறப்போதான் பாத்துது. வீடியோவப் போடு. யாரு கை வச்சாங்கன்னு பாத்துக்கறோம்."

படியில் உட்கார்ந்திருந்தவர் சமையல்காரரோடு பாத்திரம் கழுவ வந்தவர். முகையூர்ப் பக்கம் ஏதோ ஒரு கிராமம். மேடைப் பக்கம் அவரைப் பார்த்ததாக யாரோ சொல்ல, முந்தின நாள் சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய்ச் சட்டி பானையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படியும் விடாமல் காலையில் வரச்சொல்லிக் கூட்டி வந்திருந்தார்கள்.

அந்தக் கல்யாணத்தின் மூன்று கேசட்டையும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தேன். ஃபைலைத் திறந்து மாலை மாற்றும் இடத்துக்குப் போனேன். பெண்ணின் கழுத்தில் மாலைக்கு நடுவே செயின் பளிச்சென்று தெரிந்தது. பெண் தன் மாலையைக் கழற்றுவதற்காக இரண்டு கைகளையும் தூக்கினாள். அதே நேரத்தில் மேடைக்குப் பின்னால் அந்தப் பாத்திரம் கழுவும் அம்மா பக்கெட்டோடு போனார். படம் ஒரு குதி குதித்தது. அடுத்து வந்த காட்சியில் மாப்பிள்ளை கழுத்தில் இரண்டு மாலைகள் இருந்தன. பெண் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் செயின் இல்லை.

"திரும்பப் போடு," என்றார் பெரியப்பா.

மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் அதே இடத்தில் குதித்தது.

"நடுவுல வெட்டிட்டியா?"

"இல்ல சார். இன்னும் எதையும் தொடவே இல்ல. ஏத்துனது ஏத்துன மாதிரியேதான் இருக்குது."

"தொடாம எப்டிம்மா செயினு காணாப் போவும்? யாரு சொல்லி வெட்டுன? உண்மையச் சொல்லிடு, ஸ்டேஷனு வரைக்கும் போவ வேணாம்."

வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். ஸ்டேஷனுக்கு என்று யாராவது என்னைக் கூட்டிக்கொண்டு போனால் பின்னாலேயே வந்து கேட்க ஆள் இல்லை. மௌசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போது வந்தவர்களில் ஒருவர் திரையில் விரலை வைத்தார். "பக்கெட்டோட போவுதே, இந்தம்மாதான இது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமாங்க," என்றேன்.

அவர் கேட்டது திரையில் தெரிவது யார் என்பதைத்தான். ஆனால் என் பதில் அவர்கள் காதில் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். சொன்ன மறுநொடியே அவர்கள் முகம் என்னை விட்டுப் படிப்பக்கம் திரும்பியது. எனக்கு நெஞ்சில் பாரம் இறங்கியது போல இருந்தது. அந்த நிம்மதியை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

"தண்ணி ஊத்தப் போனேங்க," என்றார் அந்த அம்மா படியிலிருந்து.

"சரி, இவள இட்டுக்கினு போலாம்," என்றார் பெரியப்பா.

"சார், டேப்பு இருக்குது," என்று சொன்னேன். "அதுல முழுசா இருக்கும். நான் போய்க் கொண்டாந்துடறேன்." அந்த அம்மாவுக்காகத்தான் சொன்னேன் என்று முழுதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. போலீஸ் வந்தால் முதலில் என் கம்ப்யூட்டரைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள் என்ற பயமும் இருந்தது.

"மூணு மணி வரைக்கும் பாப்பேன்," என்றார் பெரியப்பா. கூட வந்தவர்களில் ஒருவரைக் கடையில் காவலுக்கு வைத்துவிட்டு இறங்கிப் போனார். அந்த அம்மா படியிலேயே இருந்தார்.

டேப் இருக்கிறது என்று சொல்லிவிட்டேனே தவிர, அது அப்படியே இருக்கும் என்று நிச்சயம் இல்லை. அண்ணா விடியற்காலையிலேயே திண்டிவனத்துக்கு ஒரு காதுகுத்து எடுக்கப் போயிருந்தார். நான் ஏற்றி முடித்த கேசட்டுகளைத்தான் அடுத்த விசேஷத்துக்கு எடுத்துப் போவார். பழைய படத்தின் மேலேயே புதுப் படம் பதிவாகும். எங்கள் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். "ஏத்தியாச்சா?" என்று முந்தின நாள் அவர் கேட்டபோது, ஏத்தியாச்சு என்று சொன்னதும் நான்தான்.

படம் ஏன் குதிக்கிறது என்று முதலில் தெரிந்தாக வேண்டும். கேசட்டிலேயே குறை என்றால் போய்ப் பிரயோஜனம் இல்லை. ஃபைல்கள் இருந்த இடத்தைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு கேசட்டும் நாலு துண்டாகப் பதிவாகியிருந்தது. கடைசித் துண்டைத் தவிர மற்ற எல்லாம் ஒரே அளவு. நாலு ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு, அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் உறைத்தது. அண்ணா இரண்டாம் கையாக வாங்கி வந்த ஹார்ட் டிஸ்க்கை நான்தான் ஃபார்மேட் செய்தேன். பழைய முறையில் செய்துவிட்டேன். அந்த முறையில் ஒரு ஃபைல் நாலு ஜிபியைத் தாண்டி வளராது. கேசட் ஓட ஓட, பத்தொன்பது நிமிடத்துக்கு ஒரு முறை சாஃப்ட்வேர் ஒரு ஃபைலை மூடிவிட்டு இன்னொன்றைத் திறந்திருக்கிறது. திறப்பதற்குள் கேசட் நிற்காமல் ஓடியிருக்கிறது. அந்தச் சில வினாடிகள் எங்கேயும் பதிவாகவில்லை. ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒரு எச்சரிக்கை வந்ததும் நினைவுக்கு வந்தது. நான் அதைப் படிக்காமலே ஓகே அழுத்திக்கொண்டிருந்தேன்.

மாலை மாற்றியது இரண்டாம் கேசட்டில் முப்பத்தெட்டாவது நிமிடம். இரண்டாவது துண்டும் மூன்றாவது துண்டும் சேரும் இடம். கேசட்டின் நேரக் கணக்குப்படி எட்டு வினாடி போயிருந்தது. அப்படியென்றால் கேசட்டில் அது இருக்க வேண்டும், அண்ணா அதன் மேல் இன்னும் எடுக்காமல் இருந்தால்.

அண்ணாவின் செல்லுக்கு அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. படம் பிடிக்கும்போது செல்லைப் பைக்குள் போட்டுவிடுவார். காவலுக்கு இருந்தவரிடம் சொல்லிவிட்டு, ஓடாத குறையாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அந்த அம்மாவைத் தாண்டித்தான் படியிறங்க வேண்டியிருந்தது. அவர் காலை ஒடுக்கி எனக்கு வழி விட்டார்.

பஸ்ஸில் உட்கார்ந்து விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். விசேஷம் ஒன்பதரைக்கு ஆரம்பித்தால், சீர்வரிசை, மொட்டை எல்லாம் முதல் கேசட்டில் வரும். பத்தரை, பத்தே முக்காலுக்கு இரண்டாம் கேசட் உள்ளே போகும். அங்கிருந்து முப்பத்தெட்டு நிமிடம். விக்கிரவாண்டிக்கு முன்னால் ரோடு வேலைக்காக ஒரு பக்கத்து வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போய்ப் பீடி பற்றவைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் மல்லாட்டையை உடைத்துக் கடலையைத் தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு ஒவ்வொரு நிமிடமும் கேசட் சுற்றுவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. நாலு தடவை மறுபடி செல் அடித்துப் பார்த்தேன்.

திண்டிவனத்தில் இறங்கும்போது மணி பதினொன்று இருபது. மண்டபத்துக்கு ஆட்டோவில் போனேன். உள்ளே ஸ்பீக்கர் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்காது. அண்ணா மேடைக்கு முன்னால் ஒற்றை முழங்காலில் உட்கார்ந்து கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாமன் மடியில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. ஆசாரி கம்பியைக் கையில் எடுத்துவிட்டார்.

பின்னால் போய் அண்ணாவின் தோளைத் தொட்டேன். "அண்ணா, எந்தக் கேசட்டு உள்ள இருக்குது?"

திரும்பிப் பார்த்து, இரு என்று கையைக் காட்டினார். கேமராவின் சின்னத் திரையை எட்டிப் பார்த்தேன். முப்பத்தாறு நிமிடம், சில வினாடி. ஓரத்தில் சிவப்புப் புள்ளி எரிந்தது.

"நிறுத்துங்கண்ணா. அந்தச் செயினு காணாமப் போன கல்யாணம்."

அவருக்குச் செயின் விஷயமே தெரியாது. "இன்னா?" என்றார், கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல். முப்பத்தேழு ஆனது. நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். புள்ளி அணைந்தது. அதே நேரத்தில் ஆசாரி காதைக் குத்தி முடித்தார்.

அண்ணா என்னைப் பார்த்த பார்வையில் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஓரமாக இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் இரண்டு என்று எழுதியிருந்த கேசட்டை வெளியே எடுத்து உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். "ஜல்தியா போ," என்றார். "இங்க நான் பாத்துக்கறேன்." பிறகு குழந்தையை மறுபடி மாமன் மடியில் உட்காரவைத்து, ஆசாரியை வெறுங்கையோடு குனியச் சொல்லி எடுத்தாராம். ஆசாரியைப் பார்த்ததுமே குழந்தை முதல் தடவையை விடப் பெரிதாக அலறியதாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் தலைக்கு மேல் ஸ்பீக்கர் இருந்தது. அதிலுள்ள காந்தம் கேசட்டைக் கெடுத்துவிடுமோ என்று பயந்து கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன். அவ்வளவு தூரத்தில் ஒன்றும் ஆகாது என்று தெரியும். தெரிந்தும் போனேன்.

கடைக்கு வந்தபோது அந்த அம்மா அதே படியில் இருந்தார். "தண்ணி இருக்குதா பாப்பா?" என்று கேட்டார். காலையிலிருந்து அவருக்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. சொம்பில் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கேசட் ஓட்டுவதற்கு லென்ஸ் உடைந்த பழைய கேமரா ஒன்று கடையில் கிடந்தது. போட்டதும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. கேசட்டை எடுத்துவிட்டு, டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைக்கிற கேசட்டைப் பத்து வினாடி ஓட்டினேன். அதற்கு மேல் ஓட்டினால் ஹெட் தேய்ந்துவிடும். அடுத்து, கேமரா இணைக்கப்படவில்லை என்றது சாஃப்ட்வேர். வயரைப் பிடுங்கிச் செருகினேன். திரும்பவும் அதையே சொன்னது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அது எழுந்து வர ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் பெரியப்பா வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டார். அந்தப் பழைய கேமரா எப்போதாவது டேப்பை உள்ளே இழுத்துக் கசக்கிவிடும். இன்றைக்கு அது நடந்தால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே பிளேயை அழுத்தினேன்.

கொஞ்சம் பின்னால் சுற்றிப் போட்டதில் முப்பத்தேழாம் நிமிடம் வரை காதுகுத்து ஓடியது. பிறகு ஒரு நொடி திரை நீலமானது. அதற்குப் பிறகு கல்யாணம் வந்தது. இரண்டே நிமிடம் ஏற்றி நிறுத்தினேன். மெதுவாக ஓட்டினேன்.

பெண் மாலையைத் தலைக்கு மேலே தூக்கினாள். மாலையின் ஜரிகையில் செயின் மாட்டிக்கொண்டு கூடவே எழும்பியது. காதுக்குப் பக்கத்தில் ஒரு நொடி நின்று, கொக்கி விட்டு, மாலையோடு போனது. பெண் அந்த மாலையை மாப்பிள்ளை கழுத்தில் போட்டாள். எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்ததில் யாரும் கவனிக்கவில்லை. பக்கெட் அம்மா அதற்குள் திரையை விட்டே போய்விட்டிருந்தார். மேடையிலிருந்து பத்தடிக்குள் அவர் வரவே இல்லை.

பெரியப்பா இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். வளவனூரில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் அடித்தார். அவர்கள் தேடிவிட்டுத் திரும்ப அழைக்கும் வரை அங்கேயே நின்றார். மாலையைக் குப்பையில் போட்டிருந்தால் என்ற நினைப்பு எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது. பின்கட்டில் ஆணியில் மாட்டியிருந்தார்களாம். வாடிப்போன ரோஜாவுக்குள் நாரோடு நாராகச் சுற்றிக் கிடந்ததாம்.

"கிடைச்சிடுச்சி," என்றார் பெரியப்பா. படியிறங்கும்போது அந்த அம்மாவிடம், "நீ போலாம்," என்றார். அவ்வளவுதான்.

அவர்கள் போனதும் அந்த அம்மா முதல் முறையாகக் கடைக்குள் வந்தார். நின்றுகொண்டே கேட்டார். "அதுல நான் வர்றது இருக்குதாமே."

"இருக்குதுக்கா."

"எடுத்துடேன். நாளைக்கி சொந்தக்காரங்கல்லாம் போட்டுப் பாப்பாங்க. பாக்கறப்பல்லாம் இவதான்னு சொல்லிக்கினு இருப்பாங்க."

"எடுத்துடறேன்," என்றேன். காலையில் நான் சொன்ன ஆமாங்கவைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "சாப்பிட்டுப் போங்கக்கா," என்றுதான் சொல்ல முடிந்தது. பஸ் போய்விடும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். அவர் வரும் நாலு வினாடியைப் பெண் முகத்தின் குளோசப்பால் மறைத்து டிவிடி போட்டுக் கொடுத்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்த நாள் டிஸ்க்கில் இருந்ததை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, சரியான முறையில் திரும்ப ஃபார்மேட் செய்தேன். அப்போதுதான் இன்னொன்று தோன்றியது. அந்த டிஸ்க் வந்த பிறகு ஒன்பது கல்யாணம் முடித்துக் கொடுத்திருந்தோம். ஒவ்வொன்றிலும் துண்டுகள் சேரும் இடத்தைத் தேடிப் பார்த்தேன். ஒன்றில் ஒரு பெரியவர் ஆசீர்வாதம் செய்யக் கையைத் தூக்குகிறார், அடுத்து நாற்காலி காலியாக இருக்கிறது. இன்னொன்றில் தாலியின் முதல் முடிச்சு இல்லை. கேசட்டுகளில் வேறு வேறு விசேஷங்கள் ஏறிவிட்டன. அண்ணாவிடம் டிஸ்க் சரியில்லை, மாற்றிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அந்த ஒன்பதைப் பற்றிச் சொல்லவில்லை. பல மாதம் கடை போன் அடித்தாலே அண்ணாவுக்கு முன்னால் நானே ஓடிப்போய் எடுப்பேன்.

பிறகு திண்டிவனத்தில் சொந்தமாகக் கடை வைத்தேன். கேசட் போய் மெமரி கார்டு வந்துவிட்டது. ஒரு நாள் ஒருவர் அந்த ஒன்பதில் ஒரு டிவிடியைக் கொண்டுவந்தார். ஆசீர்வாதம் செய்த பெரியவரின் மகன். அப்பா போன மாதம் தவறிவிட்டார், டிவிடி கீறலாகிவிட்டது, பென்டிரைவில் மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். உட்காரச் சொல்லிவிட்டு மாற்றினேன். பாதிக்கு மேல் போகும்போது, "அப்பா வர்ற இடத்தக் கொஞ்சம் காட்டுங்களேன்," என்றார்.

காட்டினேன். பெரியவர் கையைத் தூக்கினார். நாற்காலி காலியானது.

மகன் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "அவரு அப்டித்தாங்க," என்றார். "ஒரு எடத்துல நிக்க மாட்டாரு." பென்டிரைவை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் வண்டி தெருமுனை திரும்பும் வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.